உங்கள் குசினிக்குள்ளால் போன கோடு

மச்சான்,

உங்கள் வளவின் தெருப்பக்க வேலியோரமாக ஆறு மாதத்துக்கு முன் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். நீல நிறம். மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது: இந்த எல்லைக்குள் தோண்டக் கூடாது, கட்டக் கூடாது, இடிக்கக் கூடாது, மீறினால் சட்ட நடவடிக்கை. என் தங்கச்சி அதன் மூலையில் சுளகைக் கொழுவி வைத்திருந்தாள். நான் அதற்கு முன்னால் நின்று உங்களோடு கொஞ்ச நேரம் சத்தம் போட்டே சண்டை பிடித்தேன். தெருவால் போன இரண்டு பேர் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வயது போனவர் தனியே கதைக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அன்றைக்குப் பாதிச் சண்டைதான் முடிந்தது, மீதியை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி எட்டு மாதம் கழித்துத்தான் அரசாங்க வர்த்தமானியில் வந்தது. பதினொரு வருடம் நீங்கள் நடையாய் நடந்து கேட்டது கிடைத்துவிட்டது. எங்கள் தெருவின் பழைய துணை மின்நிலையம், நாங்கள் எல்லோரும் கரண்டுக் காம்பரா என்று சொல்லும் அந்த ஒற்றை அறை, இனிமேல் நாட்டின் பாதுகாக்கப்பட்ட கட்டடம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டோம். பத்திரிகையில் ஒரு மூலையில் படத்தோடு வந்ததை வெட்டி வைத்தோம். மேசன் வந்து அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்த நாள் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

அத்திவாரம் எதற்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு, பிறகுதான் மற்றதெல்லாம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். நீங்களும் அப்படித்தான் மாவடிப்பள்ளியில் இருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியோடு என் தங்கச்சியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். உங்கள் மூத்த மகளுக்கு மற்றக் காணியில் கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவள் நஸ்மியாவுக்கு மிச்சம் இருப்பது இந்த வளவு மட்டும்தான். பின்பக்கத்தில் அடுப்பெரியும் குசினியை உடைத்துவிட்டு, குசினிக்கும் கிணற்றுக்கும் இடையில் வீடு எழுப்புவது என்று உங்கள் காலத்திலேயே பேசி முடித்த திட்டம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். கூரை போட்டதும் நாள் வைப்போம் என்று பொறுமையாக இருந்தார்கள்.

கயிறு பிடித்த அன்று பகலே நிறுத்தச் சொல்லி ஆள் வந்தது. நான் தொல்பொருள் திணைக்களத்தின் கந்தோருக்கு ஓடினேன். அங்கே மேசையில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். கரண்டுக் காம்பராவின் பின்சுவரில் இருந்து ஒரு கோடு புறப்படுகிறது. உங்கள் முற்றத்தைக் கடந்து, குசினிக்குள்ளால் போய், கிணற்றடியில் முடிகிறது. பக்கத்தில் "நிலக்கீழ் மூல வடம்" என்று, அதாவது மண்ணுக்குக் கீழே போகும் கேபிள் என்று, எழுதியிருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு பக்கமும் பாதுகாப்பு எல்லை. முழு வளவும் அதற்குள் அடக்கம். எழுத்து என்னுடையது. கோடும் நான் கீறியதுதான்.

முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்காலும் மதகும் கீறினவன் நான். தண்ணீர் போகாத இடத்தில் ஒரு கோடு போட்டதில்லை. என் படத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பின பொறியியலாளர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவனை நீங்கள் எவ்வளவு லேசாக மடக்கினீர்கள். மாரி மழை பெய்த ஒரு பின்னேரம், கொப்பியில் பென்சிலால் கிறுக்கிய படத்தைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, சுத்தமாக மையில் கீறித் தரச் சொன்னீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கீறவில்லை. கேட்டேன்.

"மச்சான், இது என்ன கோடு? உங்கட குசினிக்குள்ளால போகுது."

"பழைய கேபிள்."

"நான் ஒரு நாளும் கேள்விப்படல்லயே."

"நெலத்துக்குக் கீழ கெடக்கிறத நீங்க எங்கால கேள்விப்படுற? கீறுங்க மச்சான். பொறுப்பு நான்."

பொறுப்பு நான். இதை நீங்கள் சொல்லும்போதெல்லாம் ஏதோ ஒன்று கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மோட்டார் சைக்கிளைக் கழற்றியபோதும் சொன்னீர்கள். பந்தல்காரனுக்கு நாள் சொன்னபோதும் சொன்னீர்கள். இப்போது பொறுப்பானவர் மையவாடியில் மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறார், கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவது நான்.

அந்தக் காம்பராவில் அப்படி என்னதான் கண்டீர்கள்? பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டும். இங்கினியாகலை அணையில் இருந்து கரையோர ஊர்களுக்குக் கரண்ட் கம்பி இழுத்த காலத்தில், இந்தக் காம்பராவுக்கு இடம் கேட்டார்களாம். தன் வளவுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று எல்லோரும் கையை விரிக்க, என் வாப்பாதான் காணியின் மூலையை விட்டுக் கொடுத்தார். இரண்டு செங்கல் கனத்தில் சுவர், இரட்டை இரும்புக் கதவு, மேலே காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள். உள்ளே ட்ரான்ஸ்போமரின் இரைச்சலை ஜின் என்று பயந்து பெண்கள் அடுத்த தெருவால் சுற்றிப் போனார்கள். பிறகு பின்சுவர் எந்நேரமும் இளஞ்சூடாக இருப்பதைக் கண்டுபிடித்து, அதே பெண்கள் மாரியில் நனைந்த பாய்களைக் கொண்டுவந்து அதில் சாத்தினார்கள். சுனாமித் தண்ணீர் இரும்புக் கதவின் இரண்டாவது கீல் வரைக்கும் ஏறி நின்றது. தெருவில் பாதி வீடுகள் விழுந்த பிறகும் காம்பரா நின்றது. அதற்குப் பிறகு தூணிலே தொங்கும் புது ட்ரான்ஸ்போமர்கள் வந்தன, காம்பராவைப் பூட்டினார்கள், அதற்குள் லீவர் இழுத்து வேலை பார்த்த உங்களுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். அதை இடித்துவிட்டுக் கடை கட்ட ஆள் கேட்கிறது என்ற கதை வந்த அன்றைக்குத்தான் நீங்கள் முதல் மனுவை எழுதினீர்கள்.

மனுவோடு காம்பராவின் சரித்திரம் என்று நாற்பது பக்கம் வைத்தீர்கள். ஜின்னும் இல்லை, பாயும் இல்லை, என் வாப்பாவும் இல்லை. நாற்பது பக்கமும் வோல்ட், அம்பியர், செங்கல்லின் அளவு, எண்ணெய் மாற்றிய விபரம். அதைத் தட்டச்சுக்காரரிடம் கொண்டுபோனவன் நான். அவர் மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி விட்டார். உலகத்தில் அதை முழுக்க வாசித்த ஒரே ஆள் நான்தான் என்பதையாவது நீங்கள் கணக்கில் எடுத்திருக்கலாம்.

சரி. கேபிள் உண்டா இல்லையா என்று பார்க்கத் திணைக்களத்தில் இருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். காரைதீவுப் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு காலையில் இருந்து மத்தியானம் வரைக்கும் எங்களோடு நின்றாள். கோடு போகிற வழியில் நான்கு இடத்தில் மூன்றடி ஆழத்துக்கு வெட்டினோம். உடைந்த ஓடு வந்தது. ஒரு கரண்டி வந்தது. கிணற்றடியில் பழைய மண்குழாய் ஒன்று வந்தது. கேபிள் என்று சொல்ல ஒரு கம்பித் துண்டுகூட இல்லை. நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உங்களை மனதுக்குள் ஏசினேன், நோன்பு நாளாக இருந்திருந்தால் அந்த ஏச்சுக்கே என் நோன்பின் நன்மை போயிருக்கும்.

தங்கச்சி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. அதுதான் எனக்கு இடித்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஓம்."

"கேபிள் இல்ல எண்டு தெரியுமா?"

"தெரியும் காக்கா. அவர் என்னட்டக் கேட்டுத்தான் போட்டவர். படிவத்தில பரப்பு எவ்வளவு எண்டு கேட்டிருக்காங்க. காம்பராட பரப்பப் பாத்துட்டு, இது கக்கூசு அளவுதானே எண்டு கந்தோர்ல ஒராள் சிரிச்சானாம். வந்து சோறும் தின்னல்ல. எங்கட வளவையும் சேத்துப் போடட்டா எண்டு கேட்டார். போடுங்க எண்டன். கையெழுத்தும் வெச்சன்."

"புள்ளட வீடு நெனவு வரல்லயா உங்க ரெண்டு பேருக்கும்?"

அவள் சுளகை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"இந்த வீடு என்ட. வளவு என்ட. நாளைக்குப் புள்ளைட. இந்த ஊருல அவர்ட எண்டு இருந்தது அந்தக் காம்பரா மட்டும்தான் காக்கா."

எனக்குக் கோபம் அடங்கியது என்று நினைக்காதீர்கள். கூடியது. நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரே தெருவில் சீவித்து, ஒரே பள்ளியில் தொழுது, தேத்தண்ணிக் கடையில் ஒரே வாங்கில் இருந்தும், இந்த விஷயத்தில் எதுவும் தெரியாமல் விடப்பட்டவன் நான் ஒருவன்தான். நானும் என் மனைவியின் வீட்டுக்குப் போய்க் குடியிருக்கிறவன்தானே. என்னிடம் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்காதா, மச்சான்?

உத்தியோகத்தர் பிள்ளை நேர்மையாகச் சொன்னாள். கேபிள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் எல்லை காம்பராவின் சுவரோடு சுருங்கிவிடும், வீடு கட்டலாம். ஆனால் கோப்பு திரும்ப மேலே போகும். கேபிளைக் காட்டித்தான் இதற்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள், அது பொய் என்றால் காம்பராவைப் பாதுகாக்க வேறு காரணம் வேண்டும். காரணம் இல்லாவிட்டால் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுவார்கள்.

"சனத்தோட சம்பந்தப்பட்டதா ஒண்டும் இல்லையா சேர்?" என்று கேட்டாள்.

ஜின்னைச் சொன்னேன். பாய் காயவைத்ததைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு எழுதினாள், பிறகு பேனையை மூடினாள்.

"இதெல்லாம் எல்லா ஊர்லயும் சொல்லுவாங்க சேர். இந்தக் கட்டடத்துக்கு மட்டும் உரியதா ஒண்டு வேணும். நேர்ல தெரிஞ்ச ஐஞ்சு பேர் கையெழுத்து வெச்சா நான் கோப்புல போடுவன்."

அப்படி ஒன்று இருந்தது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்பது பக்கத்தில் நீங்கள் வேண்டுமென்றே விட்ட ஒன்று. உயிரோடு இருக்கும்போது அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் எழும்பிப் போய்விடுவீர்கள். காம்பராவும் வேண்டும், நஸ்மியாவின் வீடும் வேண்டும் என்றால் உங்கள் வெட்கத்தை நான் அரச கோப்பில் ஏற்ற வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். பிறகு எழுதினேன். அதை வாசித்துக் காட்டுவது போல உங்களுக்கும் சொல்கிறேன், கோபித்தால் கோபியுங்கள்.

எங்கள் தெருவோடு சேர்த்துக் கடற்கரைப் பக்கத்து மூன்று தெருவுக்கும் அந்த நாளில் தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கேட்காது. பள்ளியில் ஒலிபெருக்கி இல்லை, கடல் இரைச்சல் வேறு. நோன்பு மாதத்தில் நீங்கள் நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, சூரியன் விழுந்து மஃரிப் ஆன அந்த நிமிடத்தில் தெரு லைட்டுகளின் லீவரை இழுப்பீர்கள். லைட் எரிந்ததும் அந்த மூன்று தெருவும் நோன்பு திறக்கும். ஒருவரும் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வேலையல்ல, சம்பளத்தோடு சேர்ந்ததும் அல்ல. கரண்டுக் காம்பராதான் அந்தச் சனத்தின் பாங்கு.

ஒரு வருடம் காற்றும் மழையுமாகக் கம்பி அறுந்தது. பின்னேரம் திருத்தி முடித்தார்கள். வானம் கறுத்துக் கிடந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க லீவரை இழுத்தீர்கள். வேறெந்த ஊர் மின்நிலையத்திலும் அது ஒரு சோதனை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் மஃரிபுக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது மூன்று தெருவும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தன. உங்களுக்கு அது விளங்க ஒரு நிமிடம் எடுத்திருக்கிறது. லைட்டை அணைத்துவிட்டு, "குடிக்காதீங்க, இன்னும் நேரம் வரல்ல" என்று கத்திக்கொண்டு தெருத்தெருவாக ஓடினீர்கள். ஒரு செருப்பு வழியில் கழன்று கிடந்தது. கஞ்சிக் கோப்பைகளோடு சனங்கள் வாசலில் நின்று உங்களைப் பார்த்தார்கள்.

பிழையாகத் திறந்தாலும் அந்த நோன்பு போனதுதான், வேறொரு நாளில் கழாவாகப் பிடித்தே ஆக வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் காலை நீங்கள் வீடு வீடாகப் போனீர்கள். சாட்டுச் சொல்லவில்லை, மழையைச் சொல்லவில்லை. "என்ட பிழை, எனக்கு மாப்புத் தாங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் அதே வசனம். பெருநாள் கழிந்ததும், உங்கள் நோன்பு முறியாமல் இருந்தும், அந்தச் சனத்தோடு சேர்ந்து நீங்களும் ஒரு நாள் பிடித்தீர்கள். மாப்புக் கேட்ட அந்தக் காலையில் கடைசியாக வந்தது என் வாசலுக்கு. கண் சிவந்திருந்தது. நீங்கள் கேட்க முதல் நான் சொன்னேன்: "எனக்கு ஒண்டும் முறியல்ல மச்சான், நான் கையில எடுக்கவே இல்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒராளாவது தப்பினீங்களே" என்றீர்கள். பிறகு சாகும் வரைக்கும் அதைச் சொல்லித் திரிந்தீர்கள். எங்கட மச்சான் ஒராள்தான் அண்டைக்குத் தப்பினவர், எதையும் ரெண்டு தரம் பாத்துத்தான் செய்வார் என்று.

இதைத்தான் எழுதினேன். கேபிள் இல்லை என்பதையும் எழுதினேன்: அவர் சொன்னார், நான் உறுதிப்படுத்தாமல் கீறினேன், பிழை இருவருடையதும். பிறகு கையெழுத்துக்குப் போனேன். அன்றைக்கு அந்த மூன்று தெருவிலும் நோன்பு முறிந்தவர்களில் எத்தனை பேர் மிச்சம்? கடல் கொண்டுபோனவர்களை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தேடினோம். மற்றவர்கள் வயதில் போனார்கள். நான்கு பேர் கிடைத்தார்கள். உங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்த அந்த மனிசி, இப்போது கண் தெரியாது, பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டே சொன்னார்: "கழாப் புடிச்ச நாளும் எனக்கு நெனவு இரிக்கு. பாவம் அந்த மனிசன், வாசல்ல நிண்டு அழுதான்." உங்களை ஏசினவர் என்று ஒருவரும் இல்லை, மச்சான். இத்தனை வருடமும் அந்த வாசல்களால் போகாமல் சுற்றிப் போனது நீங்கள்தான்.

நான்கு கையெழுத்தையும் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளை எண்ணிப் பார்த்தாள்.

"ஐஞ்சாவது ஆள் சேர்?"

நான் பேனையை வாங்கினேன். "அன்று எனது நோன்பும் முறிந்தது" என்ற வரிக்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

போன மாதம் முடிவு வந்தது. எல்லை காம்பராவின் நான்கு சுவரோடும் கூரைத் தண்ணீர் விழும் இடத்தோடும் நின்றுவிட்டது. காம்பரா பட்டியலில் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் வோல்ட்டும் இல்லை, அம்பியரும் இல்லை, நோன்பு திறக்கும் நேரத்தை ஊருக்கு அறிவித்த கட்டடம் என்று இருக்கிறது. பலகையைப் பிடுங்கிக் காம்பராவின் வாசலில் நட்டாயிற்று. நஸ்மியாவின் வீடு யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது, மேசன் வழக்கம்போல ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை.

தங்கச்சி கடிதத்தின் பிரதியை வாசித்தாள். என் பெயரில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"காக்கா, நீங்க தப்பினவர் எண்டு அவர் ஊரெல்லாம் சொன்னவரே. அவருக்காகப் பொய்க் கையெழுத்து வெச்சிட்டீங்களா?"

நான் பிரதியை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவள் எனக்காக துஆக் கேட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தந்தாள். அதையும் குடித்துவிட்டு வந்தேன். இப்போது நஸ்மியாவும் மாப்பிள்ளை வீட்டாரும்கூட என்னைப் பெரிய மனது படைத்தவன் என்று கதைக்கிறார்கள். உங்கள் கேபிளுக்காக இவ்வளவு பக்கம் உங்களை ஏசின எனக்கு இது தேவைதான்.

கழாவாக ஒரு நாள் பிடித்தால் வீட்டில் தெரியும், தெரிந்தால் அன்றைக்கே உங்கள் காதுக்கு வரும் என்று வருடா வருடம் தள்ளிப் போட்டேன். பிறகு சீனி வருத்தம் வந்தது, டாக்டர் நோன்பே வேண்டாம் என்றுவிட்டார். ஒரு ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று பள்ளியில் சொன்னார்கள், கொடுத்தேன். ஆனால் பொய் சொன்னது உங்களிடம். அதற்கு வேறு ஆளிடம் போக முடியாது.

அந்தக் கையெழுத்துப் பொய்யில்லை, மச்சான். நீங்கள் கத்திக்கொண்டு எங்கள் வாசலடிக்கு ஓடி வந்தபோது நான் விழுங்கி முடித்திருந்தேன்.